கல்யாணச் செலவு ஒரு வீட்டில், மொய் இன்னொரு வீட்டில்

உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் நாட்டுக்குப் பணம் கொட்டும் என்று நம்பாதவர்கள் குறைவு. வெளிநாட்டார் வருவார்கள், ஓட்டல்கள் நிரம்பும், புது அரங்கங்கள் எழும், போட்ட முதல் வட்டியோடு திரும்பும் என்பது கணக்கு. வரவும் செலவும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தால் இது சரிதான். அப்படி இருப்பதில்லை. 2014-ல் பிரேசில் நடத்திய போட்டியில் தொலைக்காட்சி உரிமை, விளம்பர ஒப்பந்தம், டிக்கெட் என்ற மூன்று பெரிய வரவுகளும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் பெட்டிக்கே போயின. அந்த ஒரு போட்டியால் அதற்குக் கிடைத்தது சுமார் 480 கோடி டாலர். அதற்கு வரிவிலக்கும் உண்டு. ஒரு பீர் நிறுவனம் விளம்பரதாரராக இருந்ததால், அரங்குகளில் மது விற்பதற்கு இருந்த தடைகூட 2012-ல் தனிச் சட்டத்தால் தளர்ந்தது. எல்லாம் முடிந்தபின் பிரேசில் கால்பந்து வளர்ச்சிக்கென்று ஃபிஃபா ஒதுக்கியது 10 கோடி டாலர். தாம்பூலப் பை என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவுப் பக்கத்தில் நிற்பவை அரங்கங்கள். 8 நகரங்களே போதும் என்றிருக்க, 12 வேண்டுமென்று கேட்டு வாங்கியது பிரேசில்தான். அந்தப் பழியை ஃபிஃபாவின் தலையில் கட்ட முடியாது. தனியார் பணத்தில் கட்டுவோம் என்று 2007-ல் சொன்னார்கள், பெரும்பகுதி பொதுப்பணத்தில் முடிந்தது. அமேசான் காட்டின் நடுவே இருக்கும் மனாவுஸில், முதல் டிவிஷன் அணியே இல்லாத ஊரில், 60 கோடி ரியாலுக்கு மேல் செலவழித்து ஓர் அரங்கம் எழுந்தது. உலகக் கோப்பையில் அங்கு நடந்தவை 4 ஆட்டங்கள். தலைநகர் பிரசிலியாவில் கால்பந்து மேதை கரிஞ்சாவின் பெயர் தாங்கிய அரங்கம் 100 கோடி ரியாலைத் தாண்டி விழுங்கியது. மறுவருடமே அதன் வளாகத்தில் பஸ்களை நிறுத்தி வைத்தார்கள். அதன் கட்டுமான ஊழல் வழக்கில் 2017-ல் முன்னாள் ஆளுநர்கள் இருவர் கைதானார்கள்.

அரங்கம் போனால் போகட்டும், சாலையும் ரயிலும் மிஞ்சுமே என்பார்கள். குயபா நகரில் 2014-க்குள் ஓடியிருக்க வேண்டிய டிராம், பெட்டிகள் வாங்கப்பட்டும் ஓடவே இல்லை. அதே ஊரின் அரங்கத்துக்குப் பிற்பாடு முதல் டிவிஷனில் ஆடும் அணி கிடைத்தது உண்மைதான். ஆனால் அது 2021-ல். யாரும் திட்டமிட்டுக் கிடைத்ததல்ல. 1994-ல் அமெரிக்கா லாபம் பார்த்ததே என்பது இதைவிட வலுவான மறுப்பு. பார்த்தது, மறுக்கவில்லை. அங்கு ஆட்டங்கள் நடந்தது பெரும்பாலும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ என்ற வேறு ஆட்டத்துக்காக ஏற்கெனவே நின்ற மைதானங்களில். பந்தல் போடாமல் விருந்து வைத்த வீடு அது. புதிதாகக் கட்டும் நாடுகள் அதை முன்னுதாரணம் காட்டுவது பொருந்தாது.

மகிழ்ச்சிக்கு விலை உண்டா என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. திருவிழாவைத் திருவிழாவாக நடத்தட்டும், முதலீடு என்று பெயர் சூட்ட வேண்டாம். கால்பந்தைக் கும்பிடும் பிரேசிலிலேயே, 2013-ல் பஸ் கட்டணம் 20 சென்டாவோ ஏறியதில் மூண்ட போராட்டத்தில் தெருவுக்கு வந்தவர்கள், ஃபிஃபா தரத்தில் மருத்துவமனை வேண்டும் என்று அட்டை பிடித்தார்கள். 2030 போட்டியை ஸ்பெயினோடும் போர்ச்சுகலோடும் சேர்ந்து நடத்தப்போகும் மொராக்கோவில், 2025-ல் இளைஞர்கள் கேட்டதும் அதே மருத்துவமனையைத்தான்.