பெட்டியில் வரும் பகை

போன மாதம் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பையன், துணிகளுக்கு நடுவே ஈரத்துணியில் சுற்றி ஒரு பூச்செடிக் கன்றை எடுத்து வந்திருந்தான். விமான நிலையத்தில் யாரிடமும் காட்டவில்லையாம். வேரில் அந்த ஊர் மண் ஒட்டியிருந்தது. வாங்கி அடுப்பில் போட்டேன். "ஒரு செடிதானே பெரியப்பா?" என்றான். வீட்டில் எல்லோருக்கும் என்மேல் வருத்தம். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கும் எழுதிவைக்கிறேன்.

2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது நினைவிருக்கிறதா? பிறந்த இடம் மெக்சிகோ பக்கம். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. என் கொல்லையிலும் இரண்டு பப்பாளி மரங்கள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துச் செத்தன. பெண் மாவுப்பூச்சிக்கு இறக்கையே கிடையாது. அது கடல் தாண்டியது என்றால், ஏதோ ஒரு செடியோடோ காயோடோ மனுசன்தான் தூக்கி வந்திருக்க வேண்டும்.

மருந்து அடித்துத் தீரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளை வரவழைத்துத்தான் அதை அடக்கினார்கள். நன்மை செய்ய வந்த அந்தக் குளவியைக்கூட பெங்களூரில் அடைத்துவைத்துச் சோதித்த பிறகே வயலில் விட்டார்கள். விஞ்ஞானிக்கே அத்தனை கட்டுப்பாடு. நம்ம வீட்டுப் பெட்டிக்கு ஒன்றும் கிடையாதா?

"படைப்புழு பறந்துதானே வந்தது, அதை யார் தடுப்பது?" என்று கேட்கலாம். அமெரிக்கக் கண்டத்துப் புழு அது. 2016-இல் ஆப்பிரிக்காவில் தெரிந்தது, 2018-இல் கர்நாடகத்தில். அந்த வருசமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கிவிட்டது. நம்ம கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைத்தவன், குருத்துக்குள் புழுவைப் பார்த்து நின்றான். ஒரு பூச்சி உள்ளே நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. பறந்து வருவதைத் தடுக்க முடியாது என்பதற்காக, பெட்டியில் வருவதற்கும் கதவைத் திறந்து வைப்பதா?

செடியும் விதையும் கொண்டுவர அனுமதியும் சான்றிதழும் வேண்டும் என்று 2003-லேயே மத்திய அரசு ஆணை போட்டிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் சோதனை நிலையமும் இருக்கிறது. ஆனால் சேலைக்குள் மடித்து வருவதை எந்த அதிகாரி பார்ப்பார்? நாம்தான் பார்க்க வேண்டும்.

கொண்டுவந்தவனுக்கு ஒரு பூச்செடி. பக்கத்துக் காட்டுக்காரனுக்கு மருந்துக் கடன். இதில் என்ன நியாயம்? வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இன்றைக்குப் போனில் பேசும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "நீ வந்தால் போதும், செடி வேண்டாம்."