அழலும் நெஞ்சும்: ஒரு குருதிச் சோதனை பற்றி

பழைய மாணவர் மலரிலே தமிழாசிரியர் குருதிச் சோதனை பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாதல் கூடும். ஆயினும் ஊரார் கையில் வந்து சேரும் காகிதங்களை வாசித்துப் பொருள் கூறும் பணி எம்மனோரையே சார்ந்துவிடுகின்றது. அண்மைக் காலமாக ஆய்வுகூடத் துண்டுகளிலே 'சீ. ஆர். பீ.' என்னும் மூன்றெழுத்து மிகுதியாகக் காணப்படுகின்றது. அது கூடியதென்று கலங்குவாரும் உளர். குறைந்ததென்று கண்டு நெஞ்சு நோவையே பொருட்படுத்தாது விடுவாரும் உளர். பின்னையது பெரிதும் அஞ்சத்தக்கது.

அழல் என்பது நெருப்பு. அதனின்று பிறந்த சொல் அழற்சி. சிவத்தல், வீங்குதல், சுடுதல், நோதல் என்னும் நான்கையும் அதன் குறிகளாக வகுத்தார் பண்டை உரோம எழுத்தாளராகிய செல்சசு. காலிலே முள் ஏறினால் நான்கையும் கண்கூடாகக் காணலாம். நாடிச் சுவரினுள்ளே கொழுப்புப் படிந்து அவ்விடம் அழலும்போதோ யாதும் வெளியே புலப்படாது. அவ்வழலுக்கு விடையாக ஈரல் குருதியிற் கலக்கும் புரதங்களுள் ஒன்றே சீ. ஆர். பீ. 1930ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் நிலையத்தில் ரில்லெற், பிரான்சிசு என்னும் இருவர் நியூமோனியா நோயாளரின் குருதியில் அதனைக் கண்டனர். அந்நோய்க் கிருமியின் 'சி' என்னும் கூறோடு கூடுவதால் அப்பெயர் பெற்றது. இருதயத்துக்கும் அவ்வெழுத்துக்கும் உறவு யாதுமில்லை.

புரதத்துக்கும் இருதயத்துக்கும் உறவு உண்டென்பது 1997இல் போல் றிட்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வால் விளங்கிற்று. நலமாயிருந்த ஆடவருள், இப்புரதம் கூடியிருந்தோர்க்கே பின்னாளில் மாரடைப்பு மிகுதியாக நேர்ந்தது. 2003இல் அளவுகோலும் வகுக்கப்பட்டது. இலீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழாயின் ஆபத்துக் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3க்கு மேல் மிகுதி. 10ஐத் தாண்டினால் முதலிலே வேறு நோயைத் தேடல் வேண்டும். 2017இல் வெளியான ஆய்வொன்றில், முன்னரே மாரடைப்புக் கண்ட 10,061 பேரிடையே அழற்சியைத் தணிக்கும் கனகினுமாப் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. கொலஸ்திரோல் குறையாமலே மாரடைப்புக் குறைந்தது. ஆனால் தொற்றினால் இறந்தோர் தொகை கூடியமையால், மொத்த இறப்பிலே வேறுபாடு காணப்படவில்லை. உடம்பிலுள்ள நெருப்பை முற்றாக அணைத்தலும் ஆகாது போலும்!

இனி எம் வன்னி மண்ணுக்கு வருவோம். மாரி காலத்துக் காய்ச்சல், வயலிலே தொற்றும் எலிக்காய்ச்சல், ஆறாத காற்புண், வெற்றிலையும் புகையிலையும் மென்று நைந்த முரசு ஆகிய யாவும் அவ்வெண்ணை உயர்த்தவல்லன. காய்ச்சல் மாறி மூன்றாம் நாள் எடுத்த துண்டைக் கொண்டு இருதய நோயென்று முடிவு கட்டுதல், ஒரு பெருமழை நாளில் இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பார்த்து ஆண்டு முழுவதற்கும் விதைப்பைத் திட்டமிடுதலை ஒக்கும். உடல்நலம் தேறிய பின், இரு கிழமை இடைவிட்டு இருமுறை பார்த்தலே முறை. அன்றியும், காய்ச்சலுக்குப் பார்க்கும் சாதாரண சோதனை வேறு. இருதயத்துக்கென நுண்ணளவில் அளக்கும் சோதனை வேறு. துண்டிலே எது குறிக்கப்பட்டுள்ளதென வைத்தியரைக் கேட்டறிதல் நன்று.

பணம் செலவிட்டு இதனையே முதற்கண் செய்விப்பதை நாம் ஏற்கோம். 52 நாடுகளில் நிகழ்த்தப்பெற்று 2004இல் வெளிவந்த இன்ரர்காட் ஆய்வு, முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 வீதத்தைப் புகைத்தல், கொழுப்பு, குருதி அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் முதலாய ஒன்பது காரணிகளுள் அடக்கிக் காட்டியது. தென்னாசியர்க்கு முதல் மாரடைப்பு 53 வயதளவிலும் ஏனையோர்க்கு 59 வயதளவிலும் நேர்வதாக அதே ஆய்வு கூறிற்று. இம்மலரைக் கையிலெடுப்போருட் பலர் அவ்வயதை அணுகியோர் அல்லரோ? குருதி அமுக்கமும் சீனியும் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களிலே இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. அங்கே பெண்கள் வருகின்றனர். ஆடவரின் வருகையோ நாடெங்கும் குறைவு. கல்லூரி விழாவுக்கு நூறு கட்டை தூரம் வரும் எம் தோழர்க்கு அந்நிலையத்துக்குச் செல்ல மட்டும் நேரமில்லை!

2025இல் அமெரிக்க இருதயவியற் கல்லூரி இச்சோதனையைப் பரவலாகச் செய்யுமாறு கூறியுள்ளதே என்பர் சிலர். உண்மையே. ஆயினும் ஏனைய சோதனைகளுக்குத் துணையாகவே கூறிற்று. அவற்றுக்குப் பதிலாக அன்று. எண்களெல்லாம் நடுத்தரமாய் நின்று மருந்து தொடங்குவதோ விடுவதோ என வைத்தியர் ஐயுறுமிடத்தும், குடும்பத்திலே இளவயதில் மாரடைப்புக் கண்டவிடத்தும் அது மிகவும் பயன்படும்.

நெஞ்சை அழுத்தும் நோவு எழுந்து வியர்த்துக் கொட்டினால், பழைய துண்டிலுள்ள எண் எதுவாயினும், 1990 என்னும் இலக்கத்தை உடனே அழைத்தல் வேண்டும். அவ்விலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடமாகாணத்திலும் நடைபெறுகின்றது. உட்கிராமத்தவர், வழியைத் தெளிவாகச் சொல்லவல்ல ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, இன்னொருவரை ஒழுங்கை முகப்பிலே விளக்கோடு நிறுத்துக.