சுகர் ஏறிப்போச்சுன்னு திட்டுறதுக்கு முன்னாடி

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல சுகர் இருக்கிறவங்க யாராவது இருந்தா பொறுமையா படிங்க.

என்கிட்ட பல வருஷமா வர்ற தையல்காரர் ஒருத்தர். வயசு ஐம்பது தாண்டியாச்சு (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்). மூணு மாத சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி அவருக்கு எப்பவும் 7.2 பக்கம்தான் இருக்கும். திடீர்னு 9.1 வந்துச்சு. கூட ஒரு மாத்திரை எழுதினேன். அடுத்த தடவை 10.6.

அன்னைக்குத் திட்டிட்டேன். "வாயைக் கட்டணும் அண்ணே. கால் போனதுக்கு அப்புறம் வந்து அழுதா நான் என்ன பண்றது?" அவர் தலையை ஆட்டிட்டு எழுந்து போயிட்டார். டோஸையும் ஏத்திதான் அனுப்பினேன்.

அதுக்கு அடுத்த முறை அவங்க வீட்டம்மா கூட வந்தாங்க. கையில மஞ்சப்பை. மேஜை மேல கொட்டினாங்க. எல்லாம் பிரிக்காத மாத்திரை அட்டை. ஏன் அண்ணே போடலைன்னு கேட்டேன். "போட்டா மட்டும் என்ன சார் ஆகப்போகுது?"

ரேடியோ பாடினாத்தான் மெஷின்ல உட்காருவாராம். அந்த ரேடியோவைப் போட்டே ஆறு மாசம் ஆச்சுன்னு அந்தம்மா சொன்னாங்க. ராத்திரி பூரா பாத எரிச்சல், தூக்கம் கிடையாது. பகல்ல வேலை ஓடலை, சொன்ன தேதிக்குத் துணி கொடுக்க முடியலை, வர்ற ஆளும் குறைஞ்சுபோச்சு. எனக்கு இது எதுவுமே தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

இதுல என் தப்பு திட்டினது மட்டும் இல்லை. போடாத மாத்திரைக்கு மேல மாத்திரையா எழுதிக்கிட்டே போயிருக்கேன். பயந்துபோய் ஒருநாள் அத்தனையும் சேர்த்து முழுங்கியிருந்தார்னா, லோ சுகர் ஆகி மயங்கி விழுந்திருப்பார். எழுதினது கிளிமிபிரைடு வகை மாத்திரை. இன்னைக்கும் நினைச்சா பக்குன்னு இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கு மனச்சோர்வு வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்குன்னு 2001-லயே பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிட்டாங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும்.

மனசு சோர்ந்தா முதல்ல போறது நடைப்பயிற்சி. அப்புறம் சமையல். டீயும் பன்னும் வச்சே ஒரு நாள் ஓடிடும். அப்புறம் மாத்திரை. இது போக, நீடிச்ச மன அழுத்தத்துல கார்டிசால் கூடி, அதுவே சர்க்கரையை ஏத்தும். சர்க்கரை ஏறினா ராத்திரி நாலு தடவை பாத்ரூம், தூக்கம் கெடும், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், கால் எரியும். சில ஆண்களுக்குத் தாம்பத்தியத்துல பிரச்சனை வரும், அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. மனசு இன்னும் கீழ போகும். இதை "கட்டுப்பாடு இல்லாத ஆளு"ன்னு நாம ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம்.

கண்டுபிடிக்கிறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. அசதி, தூக்கமின்மை, பசி மாற்றம் எல்லாம் சுகர்லயும் வரும், மனச்சோர்வுலயும் வரும். அதனால வேற ரெண்டு கேள்வி கேட்கணும். கடந்த 2 வாரமா பெரும்பாலான நாள் மனசு கனமா, நம்பிக்கை இல்லாம இருக்கா? முன்னாடி பிடிச்ச விஷயத்துல இப்ப நாட்டம் இல்லாம போச்சா? இதுல ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் மேற்கொண்டு விசாரிச்சே ஆகணும். கேட்க ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஓபில கூட்டம்னு நாங்க சொல்ற சாக்கு இங்க செல்லாது.

எல்லாமே மனச்சோர்வுன்னும் சொல்லிட முடியாது. சிலருக்கு இந்த நோயோட மல்லுக்கட்டியே வர்ற சலிப்பு. தினம் ஊசி, தினம் கணக்கு, கல்யாண வீட்டுல எல்லாரும் நம்ம இலையையே பாக்கிறது. இவங்களுக்கு மாத்திரையை விட, சிகிச்சையைக் கொஞ்சம் எளிமையாக்கிறதும் காது கொடுத்துக் கேட்கிறதும்தான் மருந்து. தைராய்டு குறைவையும் பார்க்கணும். மெட்பார்மின் ரொம்ப வருஷமா போடுறவங்களுக்கு பி12 குறையலாம், அதுவும் சோர்வைக் கொடுக்கும்.

சிகிச்சை பலன் தருமா? தரும். சென்னை உள்பட இந்தியாவுல 4 மருத்துவமனைகள்ல, சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்த 404 பேரை வச்சு நடந்த ஆய்வு 2020-ல வெளியாச்சு. டாக்டர் அல்லாத ஒரு ஒருங்கிணைப்பாளர் இவங்களைத் தொடர்ந்து கூப்பிட்டுப் பேசுவார், நிபுணர்கள் பின்னாடி இருந்து வழிகாட்டுவாங்க. 24 மாத முடிவுல மனச்சோர்வு பாதியாவது குறைஞ்சு, கூடவே சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு இதுல ஒண்ணாவது நல்லா இறங்கினவங்க 71.6%. வழக்கமான சிகிச்சையில 57.4%.

அதனாலதான் சொல்றேன், நம்ம ஊர்ல இதுக்குப் பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல 2021-லேர்ந்து சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே போகுது. கொண்டுபோற அக்காக்களுக்கு அந்தந்தத் தெருவுல யார் வீடு எப்படின்னு எங்களை விட நல்லாத் தெரியும். போன மாச அட்டை காலியாச்சான்னு ஒரு பார்வை, கூட அந்த ரெண்டு கேள்வி. இதுக்குப் பயிற்சியும், "ஆமா"ன்னு சொல்றவங்களை மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கிட்ட சேர்க்க ஒரு வழியும் வேணும். அந்த அக்காக்களுக்குக் கூடுதல் வேலைன்னா கூடுதல் சம்பளமும் வேணும். சும்மா தலையில கட்டக்கூடாது.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு: "உன்னாலதான் இவ்ளோ செலவு" வேண்டாம். மாத்திரை டப்பாவை நீங்க எடுத்து வைங்க, சாயங்காலம் கூட நடங்க. மாத்திரை விட்டுப் போயிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. "இருந்து என்ன பண்றது"ன்னு பேச ஆரம்பிச்சா அதைப் புலம்பல்னு விடாதீங்க, அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. இன்சுலினையும் மாத்திரையையும் உங்க கையில வச்சுக்கோங்க. ராத்திரின்னாலும் டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழ்ல பேசலாம்.

நம்ம தையல்காரருக்கு ரெண்டு சுகர் மாத்திரையைக் குறைச்சேன். கால் எரிச்சலுக்கும் மனசுக்கும் சேர்த்தே உதவுற டுலாக்சிடின் ஆரம்பிச்சோம், மனநல டாக்டரையும் பார்த்தார். எட்டு மாசம் ஆச்சு. இப்ப 7.9. ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திரை மட்டும் அடிக்கடி மறந்துடுதாம், அவரே சொல்றார். நான் திட்டலை.