நாசியின் சுவாசமும் நெஞ்சின் துடிப்பும்



சென்ற மாதம் நம் சபையின் சகோதரர் ஒருவரைக் காண மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். சென்னையின் நெரிசலான சாலைகளில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆட்டோ ஓட்டுகிறவர். மாரடைப்பு. ஜெபித்து முடித்தபின் அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: "ஐயா, இவர் பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லையே. குடியும் கிடையாது. பின்னே ஏன் இப்படி?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வழியில் சிக்னலில் நின்றபோது, முன்னே நின்ற லாரியின் புகை முகத்தில் அடித்தது. அந்தக் கேள்வியும் திரும்ப வந்தது.

ஒருவருடைய மாரடைப்புக்கு இதுவே காரணம் என்று தீர்த்துச் சொல்ல எவராலும் இயலாது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், பரம்பரை எனப் பல உண்டு. ஆயினும் மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்லும் ஒரு காரணத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மாசடைந்த காற்று நுரையீரலை மாத்திரம் கெடுக்கும் என்று நினைக்கிறோம். அது இருதயத்தையும் தாக்குகிறது.

வாகனப் புகையிலும் எரியும் குப்பையின் புகையிலும், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயான நுண்துகள்கள் உண்டு. அவை நுரையீரலின் ஆழம் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் உயர்கிறது, இரத்தம் எளிதில் உறைகிறது. வெளிக்காற்றின் மாசினால் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 42 இலட்சம் பேர் அகால மரணமடைந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் சுமார் 68 சதவீதத்தினரின் மரணத்துக்குக் காரணம் இருதய நோயும் பக்கவாதமுமே. இத்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று அந்நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. நம் தேசம் அனுமதிக்கும் அளவோ 40.

'இது அரசாங்கத்தின் காரியம், சபைக்கு இதில் என்ன?' என்று சிலர் கேட்கலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. தேவன் மனிதனுக்கு அருளிய முதல் ஈவு சுவாசம் என்று வேதத்தின் தொடக்கத்திலேயே வாசிக்கிறோம். தண்ணீரை என் வீட்டில் நான் காய்ச்சிக் குடிக்கலாம். காற்றை எனக்கென்று பிரித்து வைத்துக்கொள்ள முடியாது. நான் எழுப்பும் புகையை அயலான் சுவாசிக்கிறான். ஆகவே இது பிறனிடத்தில் அன்புகூருவதைப் பற்றிய காரியம்.

முதலாவது என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். ஆலய வளாகத்தில் சனிக்கிழமைதோறும் சருகுகளையும் காகிதத் தட்டுகளையும் கொளுத்த அனுமதித்தவன் நானே. அந்தப் புகை செல்லும் திசையில், மதிலுக்கு அப்பால், அந்தச் சகோதரரின் வீடு இருக்கிறது. இவ்வாரம் முதல் அங்கே நெருப்பு மூட்டப்படாது. சருகுகள் உரக்குழிக்குச் செல்லும்.

உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஆராதனை முடிந்து பேசி நிற்கையில் வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். அருகருகே வசிப்போர் ஒரே வாகனத்தில் வாருங்கள். இருதய நோயுள்ளோர் நெரிசல் வேளையில் பெருஞ்சாலையோரம் நடைப்பயிற்சி செய்ய வேண்டாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, தோளிலோ தாடையிலோ வலி பரவினால் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸிலும் ஜெபிக்கலாம், கர்த்தர் கேட்பார்.

அந்தச் சகோதரர் இப்போது வீடு திரும்பியிருக்கிறார். அவருக்காக ஜெபியுங்கள். அவர் மனைவியின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மதிலோரத்துச் சாம்பலை அள்ளி அப்புறப்படுத்திய பின்பு, அவர்கள் வீட்டுக்குச் சென்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்