கட்டாய அன்பளிப்பு

அன்பளிப்பு என்னும் சொல்லைத் தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவனிடம் கொடுத்துப் பிரித்தெழுதச் சொன்னால், அவன் தயங்காமல் அன்பு, அளிப்பு என்று எழுதிவிடுவான். அன்பினால் அளிப்பது அன்பளிப்பு. அளிப்பவன் உள்ளம் உவந்தாலன்றி அச்சொல்லுக்குப் பொருளே இல்லை. 'கட்டாய அன்பளிப்பு' என்று அதே மாணவன் தன் கட்டுரையில் எழுதியிருந்தால் நான் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'முரண்' என்று குறித்திருப்பேன். அந்த முரண், வழுவழுப்பான தாளில் அச்சேறிப் பற்றுச்சீட்டாக என் கைக்கே வந்து சேர்ந்ததைப் பற்றித்தான் இங்கு எழுத விழைகின்றேன்.

பள்ளி விடுமுறை ஒன்றில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடன்பயின்ற நண்பர்கள் எண்மர் தலைநகரில் கூடினோம். இரவு உணவிற்கு ஓர் உணவகத்திற்குச் சென்றோம். நண்பர் ஒருவர் ஆண்டுக் கட்டணம் செலுத்திக் கழிவு அட்டை ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதைக் காட்டினால் 25 விழுக்காடு கழிவு. நாங்கள் உண்ட உணவின் விலை 480 வெள்ளி. கழிவு 120 வெள்ளி. எஞ்சியது 360 வெள்ளி. இதுவரை கணக்குச் சரி. அதன் கீழே, 'சேவை அன்பளிப்பு 10 விழுக்காடு' என்று 48 வெள்ளி சேர்க்கப்பட்டிருந்தது. அதுவும் 360 வெள்ளிக்கன்று. கழிவுக்கு முந்திய 480 வெள்ளிக்கு!

காசாளரிடம் விளக்கம் கேட்டோம். "அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது கட்டாயம், ஐயா" என்றார். பக்கத்து மேசையில் அட்டையின்றி உண்ட குடும்பத்தாருக்கு இக்கட்டணம் இல்லையாம்.

48 வெள்ளியால் எண்மரும் ஏழையாகிவிடப் போவதில்லை. ஆயினும் கணக்கு கணக்குத்தானே? 120 வெள்ளி கழிவிலிருந்து 48 வெள்ளியைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், எங்களுக்குக் கிடைத்த உண்மைக் கழிவு 72 வெள்ளி. அஃதாவது 15 விழுக்காடு. அட்டையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதோ 25. அட்டை விற்றவர் வாக்களித்த 25, உண்டு முடித்துக் கை கழுவுவதற்குள் 15 ஆகச் சுருங்கிவிட்டது. முன்கூட்டியே 15 என்று சொல்லியிருந்தால் நாங்கள் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டிருப்போம். சொல்லாமல் எடுத்துக்கொண்டதே குற்றம்.

உணவக உரிமையாளர்கள் இதற்கு ஒரு நியாயம் கூறுகின்றனர். அதனைத் தள்ளிவிடாமல் எடை போட்டுப் பார்ப்பது நம் கடமை. "கழிவு அட்டையுடன் வருவோரும் முழு விலை கொடுப்போரும் ஒரே அளவு வேலையைத்தான் வாங்குகின்றனர். பரிமாறுபவர் அதே தட்டைத்தான் சுமக்கிறார்; அதே மேசையைத்தான் துடைக்கிறார். கழிவு கொடுப்பது கடையே தவிரப் பணியாளர் அல்லர். ஆகவே அவருக்குரிய தொகை முழு விலையின் மேல் கணக்கிடப்படுவதே முறை" என்கின்றனர்.

இந்த நியாயம் பிறந்த மண் அமெரிக்கா. அங்கு 1966 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட கூட்டரசுச் சட்டம், வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பைச் சம்பளத்தின் ஒரு பகுதியாக முதலாளி கணக்கில் கொள்ள இடமளித்தது. அவ்வாறு அன்பளிப்புப் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 ஆம் ஆண்டு முதல் இன்றுவரை அது உயரவே இல்லை. சில மாநிலங்கள் இம்முறையைக் கைவிட்டு முழுக்கூலி வழங்குகின்றன. ஏனைய இடங்களில் பரிமாறுபவரின் அடுப்பு எரிவது வாடிக்கையாளர் வைத்துச் செல்லும் பணத்தால்தான். அங்கு அட்டைக்காரர் குறைந்த விலைக்கு ஏற்பக் குறைந்த அன்பளிப்பை வைத்தால், ஒருவர் வீட்டு உலை நேராகவே பாதிக்கப்படும். அந்நாட்டில் இந்த விதியை நான் எதிர்க்கமாட்டேன்.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கு 2013 ஆம் ஆண்டு சனவரி முதல் தேதியன்று குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தங்கும் விடுதிகளில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வசூலித்து, தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தப்படி அதனைப் பணியாளர்களுக்குப் புள்ளிக் கணக்கில் பகிர்ந்தளிக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டே குறைந்தபட்சச் சம்பளத்தை ஈடுகட்டிவிடலாம் என்று சில முதலாளிமார் எண்ணினர். வழக்கு நாட்டின் உச்ச நீதிபீடமான கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. சேவைக் கட்டணம் பணியாளருக்கு உரியது, அதைக் கொண்டு சம்பளத்தை நிரப்புதல் ஆகாது என்று 2021 இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளர் வியர்வைக்குக் கிடைத்த வெற்றி அது.

இனி என் வினாவுக்கு வருகின்றேன். நாங்கள் கொடுத்த அந்த 48 வெள்ளி யாரிடம் சென்றது?

எங்களுக்குப் பரிமாறிய இளைஞன் தயக்கத்துடன் அருகில் வந்து, "ஐயா, என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டான். பத்தாண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். தோட்டத்துப் பிள்ளை. வாய்பாட்டில் கெட்டிக்காரன். அவனைத் தனியே அழைத்து, அந்தப் பணம் உங்களுக்கு வருகிறதா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "எங்களுக்குச் சம்பளம் மட்டுந்தான் ஐயா. அது என்ன பணம் என்று எங்களுக்குத் தெரியாது" என்றான். பையில் இருந்த 20 வெள்ளியை அவன் கையில் வைத்தேன். "உங்களிடம் நான் வாங்கலாமா?" என்று பின்வாங்கினான். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. உழைத்தவன் கூசுகின்றான்; உழைக்காத கல்லாப்பெட்டி கூசாமல் வாங்கிக்கொள்கின்றது!

பணியாளர் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் பணியாளரைச் சேரவில்லையென்றால், அதற்குச் சேவை என்றும் அன்பளிப்பு என்றும் பெயர் சூட்டுவது ஏமாற்று. வறியவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றவையெல்லாம் கைம்மாறு கருதும் கொடுக்கல் வாங்கல் என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் வரையறுத்தார். செங்கோல் ஏந்தியவன் குடிகளிடம் கேட்டு வாங்குவதை, வேல் ஏந்தி வழிமறிப்பவனின் செயலோடு ஒப்பிட்டுக் கொடுங்கோன்மை அதிகாரத்தில் கண்டித்தார். மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படுவது வேண்டுகோள் ஆகாது. உண்டு முடித்தபின் நீட்டப்படும் பற்றுச்சீட்டும் அத்தகையதே. உண்ட சோற்றை யார்தான் திருப்பித் தர முடியும்?

இங்கு ஓர் ஐயத்தையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் மக்களுள் பலர் சேவை வரியையும் சேவைக் கட்டணத்தையும் ஒன்றெனக் கருதிக் குழம்புகின்றனர். சேவை வரி அரசாங்கக் கருவூலத்திற்குச் செல்வது. 2018 செப்டம்பர் முதல் தேதியன்று விற்பனை, சேவை வரி மீண்டும் வந்தபோது அது 6 விழுக்காடாக இருந்தது. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு 8 ஆக உயர்ந்தபோதும் உணவுக்கு 6 ஆகவே நிறுத்தப்பட்டது. சேவைக் கட்டணமோ கடைக்காரர் தாமே விதித்துக்கொள்வது. "எல்லாம் கவர்மெண்டு போட்டதுதானே" என்று பெருமூச்சு விட்டுப் பணத்தை எண்ணி வைப்பவர்களால்தான் இவ்வழக்கம் வளர்கின்றது.

நம்மவரிடமும் குறை உண்டு. கழிவு அட்டையைக் காட்டிப் பாதி விலையில் வயிறார உண்டுவிட்டு, ஓடியாடிப் பரிமாறியவனுக்கு ஒரு நன்றிச் சொல்லும் சொல்லாமல் எழுந்து போவோர் நம்மிடையே இல்லையா? பத்து முறை குழம்பு கேட்டு, எழும்போது பல்குத்தும் குச்சியையும் கைநிறைய அள்ளிக்கொண்டு போகின்ற பெருமக்களை நானே கண்டிருக்கின்றேன். அத்தகையோரைச் சுட்டித்தான் கடைக்காரர் எல்லார் தலையிலும் கட்டாயத்தைச் சுமத்துகின்றார். ஆனால் ஒரு மாணவன் குறும்பு செய்தான் என்பதற்காக வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்தும் ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்று சொல்வதில்லையே!

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, அட்டைக்காரருக்குத் தனிக்கட்டணம் உண்டென்றால் அது அட்டையிலும் உணவகத்தின் வாயிலிலும் உணவுப் பட்டியலிலும் தெளிவாக அச்சிடப்பட வேண்டும். விலை பற்றித் தவறான எண்ணம் தோற்றுவிப்பதை 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. இரண்டாவது, பணியாளர் பெயரால் வாங்கும் பணம் ஒரு காசும் குறையாமல் பணியாளரைச் சேர வேண்டும். பிரிட்டனில் 2023 இல் இயற்றப்பட்டு 2024 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்த சட்டம், அன்பளிப்பையும் சேவைக் கட்டணத்தையும் முழுமையாகப் பணியாளருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்துகின்றது. கட்டாயம் இருக்க வேண்டிய இடம் அதுதான். மூன்றாவது, இவ்விரண்டையும் செய்ய மனமில்லாதவர்கள் கழிவு 15 விழுக்காடு என்று உண்மையை எழுதிவிட்டுப் போகட்டும்.

இவை நிறைவேறினால், முழு விலையின் மேல் 10 விழுக்காடு கொடுக்க நான் முதல் ஆளாக முன்வருவேன். கழிவு கடைக்காரர் எனக்குத் தருவது. அதற்குரிய விலையை என் மாணவன் கொடுக்கக் கூடாது.

நண்பர்களே, அடுத்த முறை பற்றுச்சீட்டு கைக்கு வரும்போது கூச்சப்படாமல் படித்துப் பாருங்கள். "இந்தப் பணம் யாருக்கு?" என்று கேளுங்கள். அதைக் கேட்பது கஞ்சத்தனம் ஆகாது. உங்கள் தட்டை எடுத்துச் செல்லும் பிள்ளைக்காக நீங்கள் கேட்கும் கேள்வி அது.