ஐந்தாம் நாளும் இறங்காத காய்ச்சல்

பெரும்போக வெட்டு நடக்கும் நாட்களில் மட்டக்களப்பின் படுவான்கரைக் காற்றில் வைக்கோல் தூசி நிற்கும். அந்தத் தூசியோடு அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்துகளும் சுவாசத்தில் உள்ளே போகின்றன. நமக்கு ஒன்றும் ஆவதில்லை. உடம்பின் வெள்ளணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றியவரின் கதை வேறு. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் மைக்ரோலீற்றருக்கு 500க்குக் கீழே போய், சிலருக்கு வாரக்கணக்கில் ஏறாமல் கிடக்கும்.

அந்த நேரத்தில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் ஒரு மணித்தியாலம் நின்றாலே அவசர நிலைமைதான். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக் ஏற வேண்டும். வீட்டில் பனடோலும் கொத்தமல்லி அவித்த தண்ணீரும் கொடுத்து இரவைக் கடத்துவது ஆபத்து. டெங்குக் காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: டெங்கிலும் வெள்ளணுக்கள், குருதிச் சிறுதட்டுகள் குறையும். ஆகவே மண்டூரிலிருந்து வந்தாலும் வாகரையிலிருந்து வந்தாலும், வாசலில் சொல்ல வேண்டிய முதல் விஷயம் கீமோ ஏற்றிய திகதி.

அன்ரிபயோட்டிக் கொடுத்தும் நான்கிலிருந்து ஏழு நாள் வரை காய்ச்சல் விடாவிட்டால் பூஞ்சை மீது சந்தேகம் விழும். அஸ்பெர்ஜிலஸ் இரத்தக் கல்ச்சரில் அநேகமாக வளராது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் 1980களிலிருந்து, நிரூபணத்துக்குக் காத்திராமல் அம்போரெரிசின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கும் வழக்கம் வந்தது. நமது வாட்டுகளில் எல்லோருக்கும் பழக்கமான புளுகொனசோல் கண்டிடா என்ற பூஞ்சைக்கு உதவும், அஸ்பெர்ஜிலஸைத் தொடாது. அதைக் கொடுத்துவிட்டுப் பூஞ்சைக்கும் மருந்து போகிறது என்று ஆறுதல் அடைவதற்கில்லை.

பழைய அம்போரெரிசின் லேசான மருந்தல்ல. சேலைனில் கலந்தால் திரிந்துவிடும், டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். நான்கு, ஆறு மணித்தியாலம் மெதுவாக ஏறும்போது கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வரலாம். சிறுநீரகம் காக்க முன்கூட்டியே சேலைன், பொட்டாசியம் இறங்குகிறதா என்று அடிக்கடி இரத்தப் பரிசோதனை. தாதிக்கு முழுநாள் வேலை. கொழுப்புக் குமிழிகளில் அடைத்த லிப்போசோமல் வகையை இதனோடு ஒப்பிட்ட ஆய்வு 1999இல் வெளிவந்தது. காய்ச்சல் நோயாளிகளில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு 34 வீதத்திலிருந்து 19 வீதமாகக் குறைந்தது.

ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடாத எல்லோருக்கும் பூஞ்சை இருப்பதில்லை. ஊகத்தில் கொடுக்கும் மருந்து, பூஞ்சையே இல்லாதவரின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிறது. நெஞ்சு சிரி ஸ்கானும் பூஞ்சையைத் தேடும் கலக்ரோமனான் இரத்தப் பரிசோதனையும் இருந்தால் ஆளைப் பிரித்துத் தொடங்கலாம். ஆனால் மாதிரி 300 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போய், முடிவு ஒரு வாரம் கழித்து வந்தால் அது கோவையில் வைக்கத்தான் உதவும். பரிசோதனை மட்டக்களப்பிலேயே நடக்கும் வரை, ஊகத்தில் தொடங்கும் வைத்தியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் பாதுகாப்பான மருந்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்பேன்.

லிப்போசோமல் வகையின் கணக்கு சின்னது. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 50 மில்லிகிராம் குப்பி மூன்று; இரண்டு வாரத்துக்கு 42. மருந்துக் களஞ்சியங்களோ போன வருடப் பாவனையைப் பார்த்து இந்த வருடத்துக்கு ஓடர் போடுகின்றன. 2022 போல மருந்தே இல்லாத வருடத்தில் பாவனை எப்படி ஏறும்? ஓடர் படிவத்தில் பாவனையை எழுதும் பத்தியில் கீமோ பெறும் இரத்தப் புற்றுநோயாளரின் எண்ணிக்கையை எழுதட்டும்.