பால் கட்டிதானா?

சென்ற மாதம் தோழி ஒருத்தியின் வளைகாப்பு. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க, என்னை அறைக்குள் இழுத்துப் போனாள். "இடது பக்கம் கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. ஒரு மாசமாச்சு. பால் கட்டியிருக்கும், பிள்ளை பிறந்தா சரியாயிடும்னு அத்தை சொல்லிட்டாங்க."

மாமியார் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கர்ப்பக் காலத்தில் மார்பகம் கனக்கும், முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். அப்போது தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல. ஆனால் ஏறக்குறைய 3,000 கர்ப்பங்களில் ஒன்றில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. 'பால் கட்டு' என்று எல்லாரும் ஆறுதல் சொல்வதால், அது பல நேரம் தாமதமாகவே தெரியவருகிறது.

"மேமோகிராம் எடுத்தா பிள்ளைக்கு ஆகாதே?" என்றாள்.

சிங்கப்பூரில் வழக்கமான மேமோகிராம் பரிசோதனை 50 வயதுக்கு மேல் ஈராண்டுக்கு ஒருமுறை. நாற்பதுகளில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம். முப்பது வயதுக் கர்ப்பிணிக்கு அழைப்புக் கடிதம் வராது. அதனால் நமக்கு அது தேவையில்லை என்று இருந்துவிடுகிறோம். கட்டி தட்டுப்பட்டால் கதை வேறு. அப்போது வயதும் கணக்கில்லை, கர்ப்பமும் தடையில்லை.

முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட். வயிற்றில் பிள்ளையைக் காட்டுகிறதே, அதே மாதிரி ஸ்கேன்தான், கதிர்வீச்சே கிடையாது. தேவைப்பட்டால் மேமோகிராமும் எடுப்பார்கள். கதிர் மார்பகத்தில் படுகிறது. கருவைச் சேர்வது மிகச் சொற்பம். சந்தேகம் இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டுத் துளி திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

புற்றுநோயே என்றாலும் கருவைக் கலைத்தால்தான் பிழைக்கலாம் என்றில்லை. கர்ப்பத்திலேயே அறுவை சிகிச்சை செய்யலாம். கீமோவை முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு கொடுக்கலாம். கதிர்வீச்சு சிகிச்சையைப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் கட்டி கரையவில்லை என்றாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் குழி விழுந்தாலோ அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். வானொலியில் இதைப் பேசும்போது எனக்குக் கூச்சமே வராது. அன்று அந்த அறையில் ஏனோ தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

மறுவாரம் ஸ்கேனுக்குப் போனாள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார்கள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் போனது மாமியார்தான். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பதும் அவர்தான்.